ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவை மூட வச்சது யாரு?

நம்ம உசிலம்பட்டித் தம்பி ஒருத்தர் கேட்டிருந்தாரு: "அண்ணே, ஆண்ட்ராய்டுக்கு மாறாததாலதான நோக்கியா கம்பெனிய மூடுனாங்க?"

பாதிதான் சரி தம்பி.

முன்கதை எல்லாருக்கும் தெரியும். 2003-ல நோக்கியா 1100 போன் வந்துச்சு. தூசி புகாத ரப்பர் கீபேட், உச்சியில டார்ச்சு. 'சி' பட்டனை அமுக்கிப் பிடிச்சா எரியும். ராத்திரி மும்முனைக் கரண்டு வர்ற நேரத்துல மோட்டார் போடப் போற சம்சாரிக்கு வேற என்ன வேணும்? உலகம் பூரா 25 கோடிக்கு மேல வித்துச்சு. அப்புறம் ஐபோன், ஆண்ட்ராய்டு. 2011-ல விண்டோஸை நம்பிப் போயி நோக்கியா சறுக்குச்சு. 2013 செப்டம்பர்ல போன் வியாபாரத்தையே மைக்ரோசாஃப்ட்டுக்கு விக்கிறதா அறிவிச்சிருச்சு.

இனிமேதான் விசயமே இருக்கு. 2006-ல ஓட ஆரம்பிச்ச ஸ்ரீபெரும்புதூர் ஆலையில ஆயிரக்கணக்கானவங்க வேலை பார்த்தாங்க. பாதிக்கு மேல இளம் பொண்ணுங்க. படிச்சு முடிச்சதும் கம்பெனி பஸ்ஸுல ஏறுனவங்க. சார்ஜர், உதிரிபாகம் செய்யிற கம்பெனிகளும் அதைச் சுத்தியே வந்துச்சு.

2013 ஜனவரியில வருமான வரித்துறை சோதனை. மென்பொருளுக்காக பின்லாந்து தாய்க் கம்பெனிக்கு அனுப்புன பணத்துல வரி பிடிக்கலைன்னு சுமார் 2,000 கோடி கேட்டாங்க. சொத்தை முடக்குனாங்க. மாநில அரசு தன் பங்குக்கு விற்பனை வரின்னு 2,400 கோடி கேட்டுச்சு. ஆலையைக் கைமாத்தணும்னா 3,500 கோடிக்கு உத்தரவாதம் குடுன்னு 2014 மார்ச்சுல உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. நோக்கியா குடுக்கல. ஏப்ரல்ல மைக்ரோசாஃப்ட் போன் வியாபாரத்தை எடுத்துக்கிட்டு, இந்த ஆலையை விட்டுட்டுப் போயிருச்சு.

கொஞ்ச நாள் மைக்ரோசாஃப்ட்டுக்கு ஒப்பந்தத்துல போன் செஞ்சாங்க. அதுவும் நின்னுச்சு. அதுக்கு முன்னாடியே சுமார் 5,000 பேர் 'விருப்ப' ஓய்வுல வெளியேறியிருந்தாங்க. இருபத்து சொச்ச வயசுல யாருய்யா விரும்பி ஓய்வு வாங்குவா? 2014 நவம்பர் 1-ல ஆலை மூடிருச்சு.

வரி கேட்டது தப்புன்னு நான் சொல்லல. கட்ட வேண்டியதைக் கட்டித்தான் ஆகணும். ஆனா லைன்ல நின்னு போன் பூட்டுன பிள்ளைக்கும் அந்தக் கணக்குக்கும் என்ன சம்பந்தம்? வழக்கு ஒருபக்கம் நடக்கட்டும், ஆலை ஓடட்டும்னு ரெண்டு அரசும் கம்பெனியும் உக்காந்து பேசியிருக்கணும். பேச முடியாத விசயமும் இல்ல. வருமான வரித் தகராறு 2018-ல இந்தியாவும் பின்லாந்தும் பேசித்தான் தீர்ந்துச்சு. அதுக்குள்ள ஆலை மூடி மூணு வருசம் தாண்டிருச்சு.

இப்ப அந்த இடம் சார்ஜர் செய்யிற சால்காம்ப் கையில. நோக்கியா பேரை வாடகைக்கு எடுத்து போன் வித்த எச்.எம்.டி.யும் 2024-ல சொந்தப் பேர்ல போன் விக்க ஆரம்பிச்சிருச்சு.

அங்க வேலை பார்த்தவங்க யாராவது இதைப் பார்த்தா, கடைசி மாசங்கள்ல உங்ககிட்ட என்ன சொன்னாங்கன்னு எழுதுங்க. அடுத்த வீடியோ உங்க கதைதான்.