அட்டை கிழிந்த பாடநூல்

(மும்பையில் நடந்த நம் சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் இரயில்வே பார்சல் பகுதியில் எழுத்தராக இருப்பவன். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன். சீட்டுக் கிழிந்து வரும் மூட்டை யாருடையது என்று கண்டுபிடிப்பதும் எங்கள் வேலைதான். சாக்கையும் தையலையும் மைக்குறியையும் பார்த்தே பெரும்பாலும் ஊரைச் சொல்லிவிடுவோம். அந்தத் துணிச்சலில், சின்ன வயதில் படித்த ஒரு பாடநூலைத் தேடக் கிளம்பினேன்.

அட்டை இல்லாத புத்தகம். ஒரு படம் மட்டும் நினைவில் நின்றது. கிணற்றடியில் இரண்டு மாடுகள் கமலை இழுக்கின்றன. கீழே ‘கமலை’ என்று பெரிய எழுத்து. நான் மூன்றாம் வகுப்பில் படித்த தமிழ்ப் புத்தகம் அது என்றே இத்தனை காலமும் எண்ணியிருந்தேன். என்னோடு படித்த நண்பர் ஒருவர் ஊரில் அந்த வகுப்புப் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருந்தார். புரட்டிப் பார்த்தேன். அந்தப் படம் அதில் இல்லை.

“படத்தை வரைந்து காட்டுங்கள்” என்றாள் என் மகள். வரைந்து, கீழே சொல்லையும் எழுதினேன். “கடைசியில் இருப்பது என்ன எழுத்து அப்பா?” என்று கேட்டாள். யானைத் துதிக்கைபோல் மேலே சுழித்த பழைய ‘லை’யை என் கை எழுதியிருந்தது!

அதுதான் மைக்குறி. தந்தை பெரியார் 1935 முதல் ‘குடிஅரசு’ ஏட்டில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தை, எம்.ஜி.ஆர். அரசு 1978-இல் ஏற்று ஆணையிட்டது. ணை, லை, ளை, னை நான்கும் துதிக்கையை இழந்தன. நான் பள்ளியில் சேர்ந்ததோ 1985-இல். அப்படியானால் அது என் புத்தகமே அல்ல.

பத்து வயது மூத்த என் அக்காவுக்குப் போன் செய்தேன். “அது என் மூணாங்கிளாஸ் பொஸ்தகம்லா, தம்பி! அத வச்சுத்தான ஒனக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்தேன்” என்றார்.

தோழர்களே, அக்காவை 1980-இல் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினார்கள். பீடி சுற்றவும் கைக்குழந்தையைப் பார்க்கவும் வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. அந்தக் கைக்குழந்தை நான்தான். மடியில் பீடிச் சுளகு, பக்கத்தில் அந்தப் புத்தகம், எதிரே நான். ‘சொந்த முயற்சியில் படித்து வந்தவன்’ என்று இதே மேடையில் பலமுறை பேசியிருக்கிறேன். அந்தப் பேச்சை இன்று திருத்திக்கொள்கிறேன்.

பீடித் தொழிலில் குழந்தைகளை அமர்த்தக் கூடாது என்று 1986-இல் சட்டம் வந்தது. ஆனால் வீட்டாரோடு சேர்ந்து செய்தால் குற்றமில்லை என்று ஒரு வாசலைத் திறந்தே வைத்தார்கள். 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்ற 2009-ஆம் ஆண்டுச் சட்டம் 2010 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. அக்காவுக்கு அப்போது வயது நாற்பது!

சட்டம் காகிதத்தில் இருந்தால் போதுமா? தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருத்தப்பட்ட பெண்பிள்ளை நம் சந்துகளில் ஒருத்தியும் இல்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியுமா? அப்படி ஒரு பிள்ளை இருந்தால் சங்கத்தில் சொல்லுங்கள். அம்மா வேலைக்குப் போகும் நேரத்தில் கைக்குழந்தையை யார் பார்ப்பது என்பதையும் சேர்ந்தே பேசுவோம். ஜூனில் பள்ளி திறக்கும்போது அவளும் போக வேண்டும்.

இன்னொரு வேண்டுகோள். பழைய பாடநூல்களைக் கபாடிக்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். பதிப்பு ஆண்டு உள்ள பக்கத்தையும், பெயர் எழுதிய பக்கத்தையும் கிழிக்காமல் சங்கப் படிப்பகத்துக்குக் கொண்டுவாருங்கள். நம் வீட்டில் யார் எதுவரை படித்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

அக்காவின் புத்தகம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. துதிக்கை ‘லை’ போட்ட மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் சொல்லுங்கள். அக்கா கையில் கொடுக்க வேண்டும்.