சிறிய பள்ளியில் ஒரு பிள்ளைக்கு இடம்

(மகாவீரர் ஜயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஆகாரம், ஔடதம், சாஸ்திரம், அபயம் என்று தானங்களை நான்காக வகுத்துப் போற்றுவது ஜைன நெறி. பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமும் உதவித் தொகையும் வழங்குவதைச் சாஸ்திர தானமாக அறக்கட்டளைகள் கருதுகின்றன, அது முறையே. ஆயினும், நோட்டுப் புத்தகம் கையில் இருந்தும் அதில் எழுத இயலாமல், எழுந்து படிக்கச் சொல்வார்களோ என்று அஞ்சிக் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளையிடம் அந்தத் தானம் முழுமையாகச் சென்று சேர்வதில்லை. அப்பிள்ளைக்கு அபய தானமும் சாஸ்திர தானமும் ஒருங்கே வேண்டும்.

சேலத்தினின்று பிரிந்து நாமக்கல் தனி மாவட்டமானது 1997ஆம் ஆண்டில். கோழிப் பண்ணைகளும் லாரிப் பட்டறைகளும் விசைத்தறிக் கூடங்களும் ஜவ்வரிசி ஆலைகளும் நிறைந்த இச்சமவெளி, விடுதியோடு கூடிய தனியார் பள்ளிகளின் மதிப்பெண்களாலும் பெயர் பெற்றது. அவற்றின் விளம்பரப் பலகைகளுக்கு அப்பால், ஊருக்குள், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள் இருக்கின்றன. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வகுத்த அளவு. ஐந்து வகுப்புகளை இருவர் தாங்கும் அத்தகைய பள்ளியில், பிறரைப்போல் கற்க இயலாத பிள்ளை ஒன்று வந்து சேர்ந்தால் அதன் நிலை என்ன?

முன்னாளில் இத்தகைய பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி ஒன்றே வழியாக இருந்தது. பாளையங்கோட்டையில் செவித்திறன் குன்றியோர்க்கான பள்ளி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. அதன் தொண்டு பெரிது. எனினும், எல்லா ஊர்ப் பிள்ளைகளும் அவ்வளவு தொலைவு செல்ல இயலாது. எனவே, பொதுப் பள்ளியிலேயே சேர்த்துக் கற்பிக்கும் திட்டத்தை நடுவணரசு 1974இல் தொடங்கிற்று. 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே கூறியது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவற்றை 21ஆக விரித்தது. படிப்பதிலும் எழுதுவதிலும் கணக்கிடுவதிலும் மட்டும் தோன்றும் கற்றல் குறைபாடும், ஆட்டிசம் எனப்படும் நிலையும் அவற்றுள் அடங்கும். 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உடைய பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. கடுமையான குறைபாடு உடையோர் வீட்டிலிருந்தே கல்வி பெறவும் வழி உண்டு.

சட்டம் தந்த இடம் பதிவேட்டில் உள்ள இடம். வகுப்பில் இடம் கிடைப்பது ஆசிரியர் கவனித்துக் காண்பதிலிருந்து தொடங்குகிறது. தறிச் சத்தம் ஓயாத வீட்டில் எல்லோரும் உரத்துப் பேசுவார்கள். அங்கே ஒரு பிள்ளைக்குக் காது மந்தம் என்பது பல காலம் தெரியாமலே போகலாம். கரும்பலகையைக் கண் இடுக்கிப் பார்க்கும் பிள்ளைக்கு ஒரு கண்ணாடி போதுமானதாக இருக்கலாம். வட மாநிலத்திலிருந்து பண்ணை வேலைக்கு வந்த குடும்பத்தின் பிள்ளை பேசாமல் இருப்பதற்குத் தமிழ் தெரியாமையே காரணமாகலாம்; அதைக் குறைபாடு என்று எழுதிவிடலாகாது. இம்மூவரும் ஒரே வரிசையில் 'மந்தம்' என்ற ஒரே பெயரோடு அமர்த்தப்படும்போது, மூவருக்கும் அநீதி நேர்கிறது.

தமிழ் எழுத்திலேயே இடர்ப்படும் பிள்ளைகளும் உளர். 'கெ' என்று எழுதும்போது ஒற்றைக்கொம்பு முன்னே நிற்கிறது. அதன் ஒலியோ மெய்யின் பின்னே வருகிறது. 'கொ' என்பதில் ஒரே உயிரின் குறி எழுத்தின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. ணகர னகரமும், லகர ளகர ழகரமும் மேலும் குழப்புகின்றன. அறிவுக் கூர்மை குறையாத பிள்ளையும் இங்கே தடுமாறுவதுண்டு. நூறு முறை எழுதச் சொல்லும் தண்டனை இதற்கு மருந்தாகாது. மணலில் விரலால் எழுதுவித்தல், எழுத்தையும் குறியையும் தனித்தனி அட்டைகளாக்கிச் சேர்த்துக் காட்டுதல், விடையை வாயால் சொல்ல விடுதல் ஆகியவை பயன் தரும். இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை.

சிறிய பள்ளிக்கு ஒரு நலம் உண்டு. பல வகுப்புப் பிள்ளைகள் ஓரறையில் அமர்வதால், மூன்றாம் வகுப்புப் பிள்ளை முதல் வகுப்புப் பாடத்தைப் படிப்பது அங்கே இழிவாகத் தோன்றுவதில்லை. ஒவ்வொரு பிள்ளையின் வீடும் ஆசிரியருக்குத் தெரியும். குறையும் உண்டு. தொடக்க நிலையில் இத்தகைய 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியரும், மேல்நிலைகளில் 15 பேருக்கு ஒருவரும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் கூறியது. ஒரு பிள்ளையோ இரு பிள்ளைகளோ உள்ள பள்ளிக்கு வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் பல பள்ளிகளுக்கிடையே வந்து செல்கிறார். அவர் வராத நாள்களே மிகுதி. ஆதலால், அவர் வரும் நாளில் வகுப்பாசிரியரும் தாயும் உடனிருந்து, அடுத்த வருகை வரை செய்ய வேண்டியவற்றைக் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுதல் இன்றியமையாதது. ஐந்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குச் செல்லும்போது அக்குறிப்பேடும் உடன் செல்ல வேண்டும். அது செல்லாவிடின், ஆறாம் வகுப்பில் அப்பிள்ளை மீண்டும் 'மந்தம்' ஆகிவிடும்.

சான்றிதழும் அவ்வாறே. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில், தகுதியுடைய பிள்ளைகளுக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு முதலிய சலுகைகள் உண்டு. மருத்துவச் சான்று இன்றி இவை கிட்டா. தேர்வு நெருங்கும்போது அலைவதைவிட, மருத்துவ முகாம் நடைபெறும் நாளிலேயே பிள்ளையை அழைத்துச் செல்லுதல் நன்று.

இங்கே தடை பெரும்பாலும் வீட்டிலிருந்தே எழுகிறது. தமக்கையின் திருமணம் தடைப்படுமோ என்று தம்பியின் குறையை மறைக்கிறார்கள். வினைப்பயன் என்று சொல்லி அமைகிறார்கள். வினையைக் கூறும் ஜைன நெறி, முயற்சியால் வினை தேயும் என்பதையும் கூறுகிறது. பிள்ளையின் வினையைக் கணக்கிடுவது பிறர் வேலையன்று. அதன் துன்பத்தைக் குறைப்பதே இல்லறத்தார்க்குரிய அறம்.

அறக்கட்டளைகள் செய்யத்தக்கவை எளியவையே. முகாமுக்குச் செல்லும் நாளில் கூலியை இழக்கும் தாய்க்கு அந்நாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் தரலாம். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வாரம் இருமுறை அருகிலுள்ள பள்ளிக்குச் சென்று, ஒரு பிள்ளையோடு அரைமணி நேரம் அமரலாம். பரிசளிப்பு மேடையில் முதல் மதிப்பெண் பெற்றோரோடு, தன் பெயரைத் தானே எழுதக் கற்ற பிள்ளையையும் அழைக்கலாம். அடுத்த ஆண்டு நோட்டுப் புத்தகம் வழங்கும்போது, எத்தனை புத்தகங்கள் என்ற கணக்கோடு, எந்தப் பிள்ளைக்கு அதில் எழுத உதவி வேண்டும் என்ற வினாவையும் தலைமையாசிரியரிடம் கேட்டறிவது இவ்விழாவுக்கு ஏற்ற தொடக்கமாகும்.