துறையும் மணலும்

(குருவிநத்தத்தில் நடைபெற்ற தமிழ்க் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பெண்ணையாற்றங்கரை உழவரிடம் வந்து கடல்துறையைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் எண்ணலாம். கரணியம் உண்டு. அதனை முடிவில் கூறுவேன்.

நம் ஊருக்கு வடக்கே, அரியாங்குப்பம் ஆறு கடலோடு கலக்குமிடத்துக்கு அருகே, அரிக்கமேடு என்றொரு மேடு உள்ளது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அதனை அகழ்ந்தார். உரோமநாட்டு மட்கலங்களும், தேறல் கொணர்ந்த இருகாதுச் சாடிகளும், கண்ணைக் கவரும் மணிகளும், தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளும் வெளிப்பட்டன. நீண்டதொரு செங்கற் கட்டடத்தைப் பண்டகசாலை என்றும், சில தொட்டிகளைத் துணிக்குச் சாயமேற்றியவை என்றும் அவர் கருதினார். பின்னர் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மீண்டும் அகழ்ந்து, உரோமர் வருகைக்கு முன்பே அங்கு மக்கள் வாழ்ந்தனர் என்று காட்டினர். எனவே, அயலவன் வந்து நமக்குத் துறை அமைத்தான் என்பது பொய். நம் துறையை நாடியே அவன் வந்தான்! ஈராயிரம் ஆண்டுகட்கு முன் கிரேக்க மாலுமி ஒருவன் எழுதிய கடற்செலவு நூலில் வரும் 'பொதுகே' என்னும் துறை இதுவே என்பர் அறிஞர் பலர்.

துறைக்கு வேண்டுவன யாவை? கலம் ஒதுங்க ஆற்றுமுகம். பண்டம் காக்கக் கிடங்கு. உல்கு கொள்ளும் காவலர். இரவில் வழிகாட்ட விளக்கு. இவற்றுள் எதனையும் நாம் பிறரிடம் கற்கவில்லை. புகார்த்துறையில் மூட்டைகள் மேல் புலிப்பொறி இட்டதைப் பட்டினப்பாலை பாடுகிறது. கலங்களை அழைக்கும் உயர்ந்த விளக்குமாடத்தைப் பெரும்பாணாற்றுப்படை பாடுகிறது. இரண்டனையும் பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனாரே.

பிற்காலப் புதுச்சேரிக்கு ஒதுங்கு துறை இல்லை. கப்பல் தொலைவில் நிற்கும். அலைகளைக் கடந்து ஆளையும் பொருளையும் கரைசேர்த்தவை நம்மவர் ஓட்டிய சலங்குகள். ஆனந்தரங்கர் நாட்குறிப்பில் கப்பல்களின் வரவும் போக்கும் நிறைய உண்டு. 1836இல் பிரெஞ்சியர் கலங்கரை விளக்கம் ஏற்றினர். 1866இல் அமைத்த இரும்புப் பாலத்தை 1952ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது. பின்னர்க் கட்டிய பாலத்தின் ஒரு பகுதியும் 2022இல் கடலில் சரிந்தது.

இனி, நெஞ்சில் நிறுத்த வேண்டிய செய்திக்கு வருகிறேன். யான் சிறுவனாய் இருந்தபோது புதுச்சேரிக் கடற்கரையில் மணலில் ஓடி விளையாடியிருக்கிறேன். என் மாணவரை அங்கு அழைத்துச் சென்றபோது மணல் இல்லை. கருங்கல் குவியலே இருந்தது. "ஐயா, கடற்கரை எங்கே?" என்று ஒரு சிறுவன் கேட்டான். விடை கூற நாணினேன்.

மணல் எங்கே போயிற்று? இக்கரையில் தென்மேற்குக் காற்றுக்கால அலை மணலை வடக்கே தள்ளும். வாடைக்கால அலை தெற்கே தள்ளும். வடக்கே தள்ளும் மாதங்களே மிகுதி. ஆகவே மணல் ஆண்டுதோறும் வடதிசை நோக்கி நடக்கிறது. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்றுமுகத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. நடந்துவந்த மணல் அச்சுவரின் தென்புறம் தங்கிற்று. வடபுறம் பட்டினி கிடந்தது. தேங்கும் மணலை வாரி வடபுறம் சேர்த்துக்கொண்டே இருந்திருந்தால் இக்கேடு இல்லை. அப்பணி முறையாக நடைபெறவில்லை. 2018ஆம் ஆண்டளவில் கடலடியில் இரும்புத் தடுப்பொன்றை அமைத்தபின், தலைமைச் செயலகத்தின் எதிரே சிறிதளவு மணல் திரும்பியது.

சென்னையிலும் இதுவே நிகழ்ந்தது. 1870களில் துறைமுகச் சுவர் எழுந்தது. தென்புறம் மணல் பெருகியது. வடக்கே இராயபுரத்துக் கரை அரிக்கப்பட்டது. பெருகிய மணலருகே 1880களில் ஆளுநர் கிராண்டு டப்பு நடைவழி அமைத்து, 'மெரினா' என்னும் இத்தாலியச் சொல்லைச் சூட்டினார். 'கட்டுமரம்' என்னும் சொல்லை உலகுக்கு ஈந்த இனம், தன் கரைக்கு அயற்சொல்லை இரவல் வாங்கி நிற்கிறது! துறை, கரை, பட்டினம், பாக்கம், முகம், கழி, கானல் என எத்தனை சொற்கள் நமக்கு உள!

தோழர்களே! கரணியம் கூறுவதாகச் சொன்னேன். கடற்கரை மணல் கடலிலேயே பிறப்பதன்று. ஆறுகள் கொணர்ந்து கொடுப்பது. கடலூர் அருகே கடல்சேரும் நம் பெண்ணை, புதுச்சேரிக் கரைக்குத் தெற்கே மணல் ஈயும் தாய். இவ்வூர் ஆற்றில் இரவில் அள்ளப்படும் ஒவ்வொரு வண்டி மணலும் வீராம்பட்டினத்துப் பரதவரின் கரையிலிருந்து திருடப்படுவதே. மருதம் தன் ஆற்றை விற்றால் நெய்தல் தன் வீட்டை இழக்கும். முன்னோர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தது பிரிப்பதற்கன்று. ஒன்றையொன்று சார்ந்தமை காட்டுதற்கே என்று யான் கொள்கிறேன்.

ஆகவே, ஆற்றுமணலைக் காப்பீர்! துறைச்சுவரில் தேங்கும் மணலை வடகரைக்கு ஆண்டுதோறும் சேர்க்குமாறு அரசைக் கேட்பீர்! நம் துறைகளை நம் சொல்லால் அழைப்பீர்! அடுத்த தலைமுறைச் சிறுவன் "கடற்கரை எங்கே?" என்று கேட்கும் நிலை வாராதிருக்கட்டும்.