மோட்சம் கிருபையாலா? கிரியையாலா?
(மீன்சுருட்டியில் பேசியதன் சுருக்கம்)

மோட்சம் கிடைப்பது கர்த்தரின் கிருபையாலா, நற்கிரியையாலா என்று கிறிஸ்தவர்கள் நெடுங்காலம் சண்டையிட்டார்கள். 1517-ல் பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரத்தைக் கண்டித்த லூதர், விசுவாசமே போதும் என்றார். ரோமாபுரிச் சபையோ, கிரியையும் வேண்டும் என்றது. 1999-ல்தான், இரட்சிப்பு கிருபையாலே, நற்கிரியை அதன் பலன் என்று இரு தரப்பும் ராஜியாயின.

வைணவத்தில் தென்கலையார் பூனைக்குட்டி என்பதும், வடகலையார் குரங்குக்குட்டி என்பதும் இதே வழக்குத்தான்.

திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் ஒரே கோவிலை ஜாதிக்காக இரண்டாக்கிய சுவரைக் கிருபையா இடித்தது? 1910-ல் மனிதன் கையல்லவா இடித்தது! மோட்சக் கூலிக்குச் செய்வது வியாபாரம். சக மனிதனுக்காகச் செய்வதே ஒழுக்கம் என்கிறோம் நாம். ஜாதி பிரிக்கும் கல்லறைச் சுவர் இன்னும் உண்டு. கிருபைக்குக் காத்திருப்பதா, இடிப்பதா?