கடைமடைக்கும் தண்ணீர் போக வேண்டும்

(நம் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் நடக்கும் மாதாந்திர ஞாயிறு மாலைக் கூட்டத்தில் சி பிளாக்கில் வசிக்கும் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



இந்த மேடையில் போன மாதம் சர்க்கரை நோய் பற்றி டாக்டர் பேசினார். அதற்கு முந்தைய மாதம் மொட்டை மாடித் தோட்டம். "நீங்கள் கிராஸ் ஸ்டிட்ச் பற்றிப் பேசுங்கள் மாமி" என்று செயலாளர் கேட்டபோது, அதில் இருபது நிமிடம் பேச என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். பிறகு யோசித்தால், நான் பேச வேண்டியது தையலைப் பற்றி மட்டும் இல்லை, பாதியில் நிற்கும் வேலைகளைப் பற்றி என்று தோன்றியது. அது எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கிராஸ் ஸ்டிட்ச் என்றால் கட்டம் கட்டமாக நெய்த துணியில் பெருக்கல் குறி மாதிரி போடும் தையல். நம் கடைகளில் மேட்டி துணி என்று கேட்டால் கொடுப்பார்கள். படம் துணியில் வரைந்திருக்காது. தனியாக ஒரு சார்ட் இருக்கும். அதில் ஒரு கட்டம், துணியில் ஒரு பெருக்கல் குறி. எண்ணி எண்ணிப் போட வேண்டும். ஒரு கட்டம் தப்பினால் யானையின் தும்பிக்கை காதுக்குப் போய்விடும்.

இது வெள்ளைக்காரர்கள் வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். பக்கத்தில் தார்வாடு பகுதியில் போடும் கசூட்டியில் 'மெந்தி' என்று ஒரு தையல் உண்டு. கன்னடத்தில் வெந்தயம் என்று பொருள். அது இதே பெருக்கல் குறிதான். பாலஸ்தீனப் பெண்கள் தங்கள் உடைகளில் போடும் 'தத்ரீஸ்' வேலையிலும் இதே தையல்தான் பிரதானம். 2021இல் யுனெஸ்கோ அதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். போன வருடம் போகிக்குப் பரணை ஒழித்தேன். பழைய பாயையும் உடைந்த முறத்தையும் எதிர்பார்த்துத்தான் ஏறினேன். கிடைத்தவை ஆறு துணிகள். ஆறும் பாதியில் நின்றவை.

ஒன்று, பேத்தி பிறந்ததற்கு ஆரம்பித்த யானை. அவள் எல்கேஜி போய்க்கொண்டிருந்தாள். இரண்டு, ஒரு மயில். மூன்று, சாப்பாட்டு மேஜைக்கு நீளவிரிப்பு. நான்கு, தமிழ் எழுத்துகளைக் கட்டம் போட்டு நானே வரைந்து தைக்கத் தொடங்கியது, 'ஔ'வோடு நின்றிருந்தது. ஐந்து, ஆசையில் வாங்கிய பெரிய ராதா கிருஷ்ணர். ஆறாவது என்னுடையது இல்லை. என் நாத்தனாருடையது. வெள்ளை மேட்டியில் நாலு மூலையிலும் ரோஜாக்கொத்து வைத்த மேஜை விரிப்பு. மூன்று மூலை முடிந்திருந்தது. நாலாவது மூலையில் இலைகள் மட்டும் இருந்தன.

ஏன் இப்படி நிற்கிறது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நான் பயன்படுத்தும் துணியில் ஓர் அங்குலத்துக்கு 14 தையல். ராதா கிருஷ்ணர் அகலம் 210 கட்டம், உயரம் 280 கட்டம். பெருக்கினால் 58,800 தையல். சமையலறை டைமரை வைத்து என் வேகத்தைப் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 110. அப்படியானால் அந்த ஒரு படத்துக்கு மட்டும் 530 மணி நேரத்துக்கு மேல். வாங்கும்போது கடையில் இதை யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அட்டைப் படம் அழகாக இருந்தது, வாங்கினேன்.

எனக்குக் கிடைப்பது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். மதியம் சாப்பிட்டு, பாத்திரம் ஒழித்து, மூன்றிலிருந்து நான்கு வரை. பால்கனிப் பக்கம் வெளிச்சம் நன்றாக இருக்கும் நேரம் அது. இந்த ஒரு மணி நேரத்தை ஆறு துணிக்கு எப்படிப் பங்கிடுவது?

முதலில் கிழமைக்கு ஒன்று என்று வைத்தேன். திங்கள் யானை, செவ்வாய் மயில். அது சரிப்படவில்லை. எங்கே விட்டோம் என்று தேடி, நூல் எடுத்து, ஊசி கோத்து உட்காரவே கால் மணி போய்விடும். பிறகு ஒன்றை முடித்துவிட்டுத்தான் அடுத்தது என்று வைத்தேன். ராதா கிருஷ்ணரின் பின்னணி முழுக்க ஒரே கரும்பச்சை. மூன்றே வாரத்தில் துணியைப் பார்த்தாலே தூக்கம் வந்தது.

அப்போதுதான் அப்பா ஞாபகம் வந்தது. நாங்கள் தஞ்சாவூர்ப் பக்கம். ஆற்றில் தண்ணீர் குறைந்த வருடங்களில் முறைப்பாசனம் வைப்பார்கள். இந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள், அடுத்த வாய்க்காலுக்கு இத்தனை நாள். நேரமும் தண்ணீர் மாதிரிதானே. குறைவாக இருக்கிறது என்றால் முறை வைக்க வேண்டியதுதான்.

ஒரு துணிக்குப் பத்து மணி நேரம் என்று முறை வைத்தேன். பத்து நாள் ஒரே துணி. பிறகு எடுத்து வைத்துவிட்டு அடுத்தது. பத்து மணி நேரத்தில் 1,100 தையல், அதாவது பத்துக்குப் பத்து கட்டங்களாகப் பதினோரு சதுரம். பதினோரு சதுரம் கண்ணுக்குத் தெரியும் முன்னேற்றம். முறை தொடங்கும்போது ஒரு போட்டோ, முடியும்போது ஒரு போட்டோ. போனில் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் தெம்பாக இருக்கும்.

இதற்குச் சில ஒழுங்குகள் வைத்துக்கொண்டேன். வேறு கைவேலை செய்பவர்களுக்கும் இதில் சில உதவலாம்.

ஒவ்வொரு துணிக்கும் தனி ஜிப் கவர். புடவை வாங்கும்போது வரும் கவரே போதும். அதிலேயே அதன் சார்ட், அதன் நூல், அதற்கென்று ஓர் ஊசி.

நடுவில் நிறுத்தாமல் ஒரு சதுரம் முடித்து நிறுத்துவது. அடுத்து எந்த நிறம், எந்த இடம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கவரில் போடுவது. ஐம்பது நாள் கழித்து வரும் எனக்கு, இன்றைய நான் எழுதும் கடிதம் அது.

எடுத்து வைக்கும்போது வளையத்தைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் வட்டமாக மடிப்பு விழுந்து அழுக்கும் ஏறும். ஊசியைத் துணியில் குத்தி வைக்கக் கூடாது. நம் ஊர் ஈரக்காற்றுக்குத் துருக்கறை பிடித்துவிடும்.

ஒரு படத்துக்கு வேண்டிய நூலை மொத்தமாக வாங்கிவிட வேண்டும். ஒரு கட்டு 8 மீட்டர், அதில் 6 இழை. நான் இரண்டு இரண்டு இழையாகப் போடுவதால் ஒரு கட்டு 24 மீட்டராகிறது. அதே நம்பர் நூலானாலும் வேறு வேறு சமயத்தில் வாங்கினால் சாயத்தில் சின்ன வித்தியாசம் வரலாம்.

கடைசியாக, ஒன்று முடியாமல் புதிதாக ஒன்று தொடங்கக் கூடாது. இதுதான் ரொம்பக் கஷ்டம்.

இரண்டாவது சுற்றிலேயே மயிலைக் கைவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன். அதன் முறை வந்தாலே எனக்குச் சலிப்பு. டி பிளாக்கில் கல்லூரி படிக்கும் பெண் ஒருத்திக்கு நூலோடு கொடுத்துவிட்டேன். அவள் கழுத்து வரை முடித்துவிட்டாளாம். எல்லாவற்றையும் நாமே முடிக்க வேண்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

நான்காவது சுற்று முடிந்தபோது நோட்டுப் புத்தகத்தைக் கூட்டிப் பார்த்தேன். யானைக்கு 40 மணி நேரம். விரிப்புக்கு 40. எழுத்துக்கு 40. ராதா கிருஷ்ணருக்கு 40. நாத்தனாரின் ரோஜாவுக்குப் பூஜ்யம்.

நான் வேண்டுமென்று செய்யவில்லை. ஒரு முறை தீபாவளி வந்தது. ஒரு முறை "யானை முடியப் போகிறதே, இன்னும் நாலு நாள்" என்று தோன்றியது. ஒவ்வொரு முறையும் ஒரு நியாயமான காரணம் இருந்தது. அப்பா இதைத்தான் சொல்வார். தலைமடைக்காரன் யாரும் திருடன் இல்லை, இன்னும் ஒரு மணி நேரம்தானே என்பான், கடைமடை காய்ந்துவிடும் என்று.

அக்கா என்றுதான் நாத்தனாரைக் கூப்பிடுவேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்களோடு 21 வருடம் இருந்தார். ஊசி பிடிக்க எனக்குக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான். மாமியார் வீட்டில் முதல் வருடம் நான் அழாமல் இருந்ததற்கு அந்தத் தையல் ஒரு காரணம். 2019இல் போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுகூட அந்தத் துணி பையில் இருந்தது. அதைத் தொடாமல் இருந்ததற்கு நேரம் இல்லை என்பது காரணம் இல்லை என்று எனக்கே தெரியும்.

ஐந்தாவது சுற்றில் அதை முதலில் எடுத்தேன். அன்றைக்கு ஒரு மணி நேரம் போட்டதை அன்றைக்கே பிரித்தேன். ஏனென்றால் அக்காவுக்கு இடது கை. பெருக்கல் குறியில் இரண்டு கோடு உண்டல்லவா, மேலே விழும் கோடு எல்லாத் தையலிலும் ஒரே பக்கம் சாய வேண்டும். என்னுடையது கீழ் இடது மூலையிலிருந்து மேல் வலது மூலைக்குப் போகும். அக்காவுடையது எதிர்ப்பக்கம் சாய்ந்தது. நான் போட்ட இடத்தில் மட்டும் வெளிச்சம் வேறு மாதிரி பட்டு, ஒட்டுப் போட்டது போலத் தெரிந்தது. அவர் மாதிரி போட முயன்றேன். நாற்பது வருடப் பழக்கம், ஐந்து தையலுக்கு ஒருமுறை கை தன் வழிக்கே போனது.

இரண்டு நாள் இப்படிப் போனது. மூன்றாம் நாள் சீட்டை எடுக்கத் துணியை மடியில் பக்கவாட்டில் வைத்தேன். பார்த்தால், அக்காவின் தையல் என் தையல் மாதிரி சாய்ந்திருந்தது! துணியைக் கால் திருப்பு திருப்பினால் சாய்வு மாறிவிடுகிறது. அவ்வளவுதான் விஷயம். சார்ட்டையும் அதே பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன். என் கைப்பழக்கத்தில் நான் போட்டேன். நேராக்கிப் பார்த்தால் அக்கா போட்டது போல இருந்தது. அன்றைக்கு நான்கு மணிக்கு எழுந்திருக்கவில்லை. காபி கேட்டு அவர் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தானே போய்ப் போட்டுக்கொண்டார்.

அந்தச் சுற்றிலேயே யானையும் முடிந்தது. நடுவில் எனக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன். சில வாரம் ஊசியைத் தொடவில்லை. முறைப்பாசனத்தில் விட்ட முறை போனதுதான், என் முறை காத்திருக்கும், அதுதான் வித்தியாசம். கட்டுப் பிரித்த பிறகு யானையைப் பார்த்தால் தந்தத்தில் பாதி வெள்ளை, பாதி சந்தன நிறம். புரை இருந்தபோது எல்லாம் மஞ்சளோடிப் போய் இரண்டும் எனக்கு ஒன்றாகவே தெரிந்திருக்கிறது. பிரிக்கவில்லை. பிறந்த தேதியோடு அப்படியே ஹைதராபாத்துக்கு அனுப்பிவிட்டேன். நாலு வருடம் தாமதம். "பாட்டி, யானை பல் தேய்க்கலையா?" என்று போனில் கேட்டாள்.

தாமதத்துக்கு ஒரு சமாதானமும் கிடைத்தது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஜேன் பாஸ்டாக் என்ற பெண் தைத்த ஒரு துணி இருக்கிறது. தேதி தைக்கப்பட்ட பிரிட்டிஷ் மாதிரித் துணிகளில் அதுதான் மிகப் பழையது. அதில் இருக்கும் வருடம் 1598. ஆனால் ஆலிஸ் லீ என்ற குழந்தை 1596 நவம்பரில் பிறந்தது என்று அதிலேயே தைத்திருக்கிறார். அவரும் இரண்டு வருடம் தாமதம்!

ஏழாவது சுற்றில் மேஜை நீளவிரிப்பும் முடிந்தது. இப்போது மூன்றுதான் பாக்கி. இதில் ஒரு லாபம் உண்டு. ஆறு இருந்தபோது ஒரு சுற்றுக்கு அறுபது நாள். இப்போது முப்பது நாள். ஒன்று முடிய முடிய, மற்றவற்றுக்கு முறை சீக்கிரம் வருகிறது. ராதா கிருஷ்ணரில் இன்னும் 44,800 தையல் இருக்கிறது. இப்போதைய கணக்கில் வருடத்துக்கு அதற்கு 120 மணி நேரம் கிடைக்கும். மூன்றரை வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. எனக்கு வயது 66. முடிந்தால் எழுபதுக்குள் முடிப்பேன். இடது கண்ணுக்கும் டாக்டர் நாள் குறிக்கச் சொல்லியிருக்கிறார். முடியாவிட்டால் ஜிப் கவரில் சீட்டு இருக்கிறது. அடுத்தவர் எங்கே தொடங்க வேண்டும் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறேன். அக்கா எனக்கு அப்படி ஒரு சீட்டு வைத்துவிட்டுப் போகவில்லை.

ரோஜா விரிப்பில் இன்னும் நானூறு தையல் போல இருக்கிறது. நாலு நாள் வேலை. முடிந்துவிட்டால் அக்காவோடு உட்காரும் அந்த ஒரு மணி நேரமும் முடிந்துவிடும் என்று மனசு பின்வாங்குகிறது. ஆனால் முறை என்றால் முறைதான். எழுத்துத் துணியின் முறை வரும் வெள்ளிக்கிழமை முடிகிறது. சனிக்கிழமை மூன்று மணிக்கு ரோஜாவை எடுக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதாவது இருக்கும். பாதி ஸ்வெட்டர், பாதி ஆல்பம், பாதி எழுதிய குடும்ப வரலாறு. தைப்பவர்கள் மட்டும் என்று இல்லை. சனிக்கிழமை மூன்றிலிருந்து நான்கு வரை இந்த ஹாலைத் தருவதாகச் செயலாளர் சொல்லியிருக்கிறார். உங்கள் கடைமடை எதுவோ அதை எடுத்துக்கொண்டு வாருங்கள். ஊசி என்னிடம் இருக்கிறது. காபி மட்டும் அவரவர் பிளாஸ்கில்.