சம்பளக்காரர் வீட்டிலிருந்து ஒரு முதலாளி



தில்லி லக்ஷ்மிபாய் நகர் மத்திய அரசு ஊழியர் குவார்ட்டர்ஸ் நிறைந்த பகுதி. பக்கத்தில் ஐ.என்.ஏ. மார்க்கெட், தில்லி ஹாட். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிக்கூடமும் அங்கே உண்டு. இந்த வட்டாரத்தில் ஒரு பையன் பட்டம் வாங்கிவிட்டு, "சொந்தமாகத் தொழில் பண்ணப் போறேன்" என்றால் வீட்டில் என்ன சொல்வார்கள்? "நமக்கெல்லாம் அது சரிப்படாதுடா. முதல்ல எஸ்.எஸ்.சி. பரீட்சையை எழுது." ஒன்றாம் தேதிச் சம்பளத்தில் வாழ்ந்து பழகிய குடும்பத்துக்கு வியாபாரம் வராது என்பது நம் ஜனங்களின் கெட்டியான நம்பிக்கை. எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணம், வேலுமணி.

'தைரோகேர்' ரத்தப் பரிசோதனை நிறுவனத்தைத் தொடங்கிய ஆரோக்கியசாமி வேலுமணியைத்தான் சொல்கிறேன். கோவைப் பக்கத்துக் கிராமத்தில், சொந்த நிலமில்லாத விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அம்மா எருமை வளர்த்து, பால் விற்ற காசில் வீடு நடந்தது. பி.எஸ்சி. முடித்ததும் மாதம் 150 ரூபாய்க்கு ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. அந்தக் கம்பெனியும் மூடப்பட்டது. 1982-இல் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை கிடைத்தது. சாட்சாத் மத்திய அரசு உத்தியோகம்!

அங்கே பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். தைராய்டு சம்பந்தமாகவே ஆராய்ந்து டாக்டர் பட்டமும் வாங்கினார். அதன் பிறகுதான் வேலையை விட்டார். கைமுதல், சேமநல நிதியில் வந்த பணம். மனைவி சுமதியும் ஸ்டேட் பாங்க் வேலையை உதறிவிட்டுக் கூடவே இறங்கினார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் ராஜினாமா செய்த துணிச்சலைத்தான் பெரிதாகப் பேசுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பத்துப் பன்னிரண்டு வருஷம். தைராய்டு சோதனையில் எங்கே காசு வீணாகிறது என்பது அவருக்கு உள்ளிருந்தே தெரியும். ஒரு சின்ன ஊர் சோதனைக்கூடத்துக்கு நாளைக்கு நாலைந்து ரத்த மாதிரி வரும். அதற்காக விலை உயர்ந்த இயந்திரம், ரசாயனம், ஆள் எல்லாம் வேண்டும். செலவு முழுவதும் அந்த நாலைந்து பேர் தலையில் விழும். ஊர் ஊராக மாதிரிகளைத் திரட்டி மும்பைக்கு அனுப்பி, ராத்திரியோடு ராத்திரியாக ஒரே இடத்தில் சோதித்தால்? இயந்திரம் சும்மா கிடக்காது, ஒரு சோதனைக்கு ஆகும் செலவு மளமளவென்று இறங்கும். விலையைக் குறைத்தார், கூட்டம் வந்தது. கூட்டம் வந்ததால் இன்னும் குறைக்க முடிந்தது. ஆரம்பத்தில் தைராய்டைத் தவிர வேறெதையும் தொடவில்லை. நாலையும் கையில் எடுக்காமல் இருப்பதற்கு எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும் என்று கடை நடத்துபவர்களைக் கேட்டால் தெரியும்.

2016-இல் தைரோகேர் பங்குச் சந்தைக்கு வந்தது. அதைப் பார்க்கச் சுமதி இல்லை. அதற்குச் சில மாதம் முன்பு காலமாகிவிட்டார். 2021-இல் நிறுவனத்தின் 66 சதவீதப் பங்குகளை, இணையத்தில் மருந்து விற்கும் 'ஃபார்ம்ஈஸி'யின் தாய்க் கம்பெனி ஏறத்தாழ 4,546 கோடி ரூபாய்க்கு வாங்கியது.

நம் தில்லியிலேயே, டிபன்ஸ் காலனியில் 1986-இல் 'சாகர்' ஓட்டலைத் திறந்த ஜெயராம் பனானும் இதே ரகம்தான். கர்நாடகத்துக் கார்க்களாவிலிருந்து சின்ன வயதில் வீட்டைவிட்டு ஓடிவந்து, மும்பையில் தட்டுக் கழுவி, காஜியாபாத்தில் கேன்டீன் நடத்தி, அப்புறம்தான் சொந்த ஓட்டல். ஜெயித்தவர் கதை கேட்கச் சுகமாகத்தான் இருக்கும். நொடித்துப் போனவர்களை யாரும் மைக் முன்னால் உட்கார வைப்பதில்லை. அதனால் நாளைக்கே ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டாம்!

வேலையில் இருந்துகொண்டே பக்கத்தில் தொழில் செய்யலாமா என்று அரசு ஊழியர்கள் கேட்பதுண்டு. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 15-ஆவது விதி, முன் அனுமதி இல்லாமல் வியாபாரத்தில் இறங்கக் கூடாது என்கிறது. குடும்பத்தில் வேறொருவர் தொழில் செய்தால் ஊழியர் அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆக, வீட்டுக்கார அம்மாள் இட்லி மாவு விற்பதற்கு விதி குறுக்கே நிற்கவில்லை.

அங்கே குறுக்கே நிற்பது வேறு. அரிசி, உளுந்து, கிரைண்டருக்கு ஆகும் கரண்ட் வரை கணக்குப் போடுகிற அந்த அம்மாள், தன் கூலியைப் போட மாட்டார். "நான்தானே அரைக்கிறேன், அதுக்கென்ன?" என்பார். தீபாவளிக்கு ஊருக்குப் போகிற பத்து நாள் மாவு அரைக்க ஓர் ஆளை வைத்தால் அன்றைக்கே நஷ்டம். கூலியையும் சேர்த்து ஒரு விலை போட்டுப் பாருங்கள். பிறகு ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மாவுப் பாக்கெட் என்ன விலைக்குப் போகிறது என்று விசாரியுங்கள். உங்கள் விலை கூடுதலாக இருந்து, அப்படியும் மேல்மாடிப் பஞ்சாபிக்காரம்மா உங்களிடமே வாங்குகிறாரா? அப்படியானால் இரண்டாவது கிரைண்டரைப் பற்றி யோசிக்கலாம்.