வாரன்டியும் ஒரு கையெழுத்தும்

(நாக்பூர் அங்கத்தினர்களின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

போன மாதம் இதே இடத்தில் உபநிஷத் பற்றி உயர்வான பேச்சு ஒன்றைக் கேட்டோம். இன்று நான் கார் ஏசி பற்றிப் பேசப்போகிறேன். இறக்கம் அதிகம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2022 நவம்பரில் ஒரு சிறிய கார் வாங்கினேன். விலை எட்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு, வாரன்டி மூன்று வருஷம். கம்பெனி பெயரும் டீலர் பெயரும் வேண்டாம். 2024 ஏப்ரலில் ஏசி குளிரவில்லை. 'காஸ் குறைந்திருக்கிறது' என்று ரூ. 2,000 வாங்கிக்கொண்டு நிரப்பினார்கள். மூன்றே வாரத்தில் மறுபடியும் அனல் காற்று.

நாக்பூரின் மே மாதம் உங்களுக்குத் தெரியும், 45 டிகிரியைத் தொடும். என் மனைவிக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். மத்தியானம் இரண்டு மணிக்கு முடியும். ரத்த அழுத்தம் இறங்கிய நிலையில் அரை மணி நேரம் அந்தக் காரில் வரவேண்டும். ஒரு நாள் பாதி வழியில் அவளுக்கு மயக்கம் வந்து, ஒரு மருந்துக்கடை நிழலில் வண்டியை நிறுத்தி முகத்தில் தண்ணீர் தெளித்தேன். மறுநாள் காலையிலேயே ஒர்க்ஷாப் வாசலில் நின்றேன்.

சர்வீஸ் அட்வைசர் சின்னப் பையன், மரியாதையாகத்தான் பேசினான். "அங்கிள், முன்னால் இருக்கும் கண்டென்ஸரில் கல் அடித்து லீக் ஆகிறது. கல்லடிக்கு வாரன்டி கிடையாது. 14,000 ரூபாய் ஆகும்" என்று ஹிந்தியில் சொல்லி ஒரு தாளை நீட்டினான். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். வீட்டில் மனைவி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏன்னா, படிச்சுப் பார்த்துட்டா கையெழுத்துப் போட்டேள்?" என்றாள். அது ஜாப் கார்டு. 'கல்லடியால் சேதம், வாடிக்கையாளருக்கு விளக்கப்பட்டது' என்று எழுதி, கீழே என் கையெழுத்து. முப்பத்தாறு வருஷம் சர்க்கார் ஃபைல்களில் மற்றவர்கள் எழுதிய நோட்டில் குற்றம் கண்டுபிடித்தவன் நான்!

அன்று இரவு தூக்கம் வரவில்லை. அப்போதுதான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி கொஞ்சம் உதவிக்கு வந்தது. ஏசி காஸ் பெட்ரோல் மாதிரி செலவாகும் பொருளல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. வீட்டு ஃபிரிட்ஜுக்கு நாம் வருஷா வருஷம் காஸ் போடுகிறோமா? குறைகிறதென்றால் எங்கோ ஓட்டை. அந்த காஸோடு கம்ப்ரஸருக்கான எண்ணெயும் கலந்து ஓடுகிறது. ஓட்டை இருக்கும் இடத்தில் எண்ணெய்ப் பசையும் அதில் ஒட்டிய தூசியும் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். விடிந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்டென்ஸரில் நாலைந்து தகடுகள் வளைந்திருந்தன. ரோட்டில் ஓடும் எந்த வண்டியிலும் அது இருக்கும். எண்ணெய்க் கறை மட்டும் எங்கும் இல்லை.

பிறகு பழைய தொழிலுக்குத் திரும்பினேன். டீலருக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரே கடிதம், ஈமெயிலிலும் பதிவுத் தபாலிலும். சேஸிஸ் நம்பர், வாங்கிய தேதி, ஜாப் கார்டு நம்பர் எல்லாம் போட்டு மூன்றே விஷயம் கேட்டேன். லீக் எந்த இடத்தில், எந்தச் சோதனையால் கண்டுபிடித்தீர்கள்? வாரன்டி புத்தகத்தின் எந்த ஷரத்துப்படி மறுக்கிறீர்கள்? என் முன்னிலையில் சாயச் சோதனை செய்வீர்களா? ஜாப் கார்டிலுள்ள குறிப்பைப் படிக்காமல் கையெழுத்திட்டேன், அதை ஏற்கவில்லை என்றும் சேர்த்தேன். எழுத வெட்கமாகத்தான் இருந்தது. கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைனிலும் புகார் பதிந்தேன். அவர்களால் உத்தரவு போட முடியாது, கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். பெரிய கம்பெனிகள் அதற்கு ஓரளவு செவிசாய்க்கின்றன.

டீலரை முழுவதும் வில்லனாக்க எனக்கு மனமில்லை. பழுதைச் சரிசெய்துவிட்டு அவர் கம்பெனியிடம் க்ளெய்ம் போட வேண்டும். கம்பெனி நிராகரித்தால் நஷ்டம் அவர் தலையில். அதனால் சந்தேகம் வந்தால் 'கல்லடி' என்றுவிடுவது சௌகரியம். ஆனால் வாரன்டி கொடுத்தது கம்பெனி. அதனால்தான் கடிதம் இரண்டு பேருக்கும் போகவேண்டும்.

பத்தாம் நாள் கம்பெனி இன்ஜினீயர் ஒருவர் வந்தார். காஸோடு ஒளிரும் சாயத்தைச் செலுத்தி, ஏசியைப் போட்டு வண்டியை ஓட்டச் சொன்னார். பிறகு புற ஊதா விளக்கால் பார்த்தோம். கண்டென்ஸர் சுத்தம். வண்டிக்கு அடியில் ஏசித் தண்ணீர் சொட்டும் குழாய் வாயில் மட்டும் பச்சையாக மின்னியது. அப்படியென்றால் டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஓட்டை. அங்கே எந்தக் கல் போய் அடிக்கும்? நான் ஒன்றும் சொல்லவில்லை. அட்வைசர் பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இதுவும் நடக்கவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருப்பேன். 2019 சட்டப்படி வண்டி எங்கே வாங்கியிருந்தாலும் நாம் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். பெங்களூரில் பிள்ளை வேலை பார்த்தபோது வாங்கிய வண்டியை போபாலில் ஓட்டுபவர்கள் கவனிக்கவும். ஐந்து லட்சம் வரை கட்டணமில்லை, ஐந்துக்கு மேல் பத்து லட்சம் வரை ரூ. 200. கணக்குப் பார்ப்பது நாம் கொடுத்த விலையை. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் கொடுக்கவேண்டும்.

டாஷ்போர்டைக் கழற்றி, காயில் மாற்ற இரண்டு நாள் ஆயிற்று. பில்லில் காயிலுக்கும் கூலிக்கும் பூஜ்யம். காஸுக்கு மட்டும் ரூ. 2,200 போட்டு, 'அது கன்ஸ்யூமபிள்' என்றார்கள். உங்கள் காயில் ஓட்டையால்தானே காஸ் போயிற்று என்றதும் அதையும் அடித்துவிட்டார்கள். ஏப்ரலில் வாங்கிய 2,000 மட்டும் திரும்பவில்லை. அதற்கும் ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். "போனாப் போறது, விடுங்கோ. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றாள் மனைவி. பேனாவை மூடினேன்.

கடிதங்களின் நகல்களைக் கொண்டுவந்திருக்கிறேன். மேஜைமேல் வைக்கிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.